தொண்டும் சுவையும் ஒருங்கே கண்ட சுவாமி விபுலாநந்த அடிகளார்

(தர்மகர்த்தா சபை உறுப்பினர், ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர்)

மக்கட் சேவையே மகேசன் சேவை என்பது எம்மவர் நாவில் நாளாந்தம் வழங்கும் வாக்கு. ஆலயத் திருப்பணி, அன்னதானம், அறநெறிப் பாடசாலை, மரண வீட்டு உதவி, சிரமதானம் என்று பொதுப்பணிகளிலே தம்மை ஈடுபடுத்திக்கொள்ளும் அன்பர்கள் எமது கிராமங்களில் இன்றும் குறைவின்றி உளர். ஆயினும் இப்பணிகளில் நீண்ட காலம் நிற்போரிடையே இரு வகையான தளர்ச்சிகளைக் காண்கின்றோம். ஊருக்காக ஓடியோடி வீட்டையும் உடம்பையும் மறந்து, முடிவில் மனம் கசந்து, நான் மட்டுமா செய்ய வேண்டும் என்று கோபித்து ஒதுங்கிவிடுவோர் ஒரு சாரார். சேவை செய்யப் புகுந்தால் வாழ்க்கையின் சந்தோஷங்கள் யாவும் போய்விடும், பென்சன் எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அஞ்சித் தள்ளி நிற்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் வழிகாட்டியாக ஒரு பெரியாரின் வாழ்வை இம்மலரினூடாக நினைவுகூர்வது பொருத்தமெனக் கருதுகிறேன். கிழக்கிலங்கை பெற்றெடுத்த தவப்புதல்வர், யாழ்நூல் தந்த முத்தமிழ் முனிவர் சுவாமி விபுலாநந்த அடிகளாரே அப்பெரியார்.

அடிகளார் ஒரு துறவி. துறவியிடம் அன்றாட வாழ்வின் சுவையைப் பற்றிக் கற்க என்ன உண்டு என்று சிலர் வினவக்கூடும். இல்லறத்தைத் துறந்த அவர் இனிமையைத் துறக்கவில்லை. அவரது வரலாற்றை ஆண்டு வரிசையாக நோக்குவோர் இவ்வுண்மையை எளிதில் உணர்வர்.

பிறப்பும் இளமையும்

மட்டக்களப்புப் பிரதேசத்தின் தென்பால், கண்ணகி அம்மன் கோயில் கொண்டருளும் பழம்பதியாகிய காரைதீவிலே 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆந் திகதி சாமித்தம்பி, கண்ணம்மையார் தம்பதியருக்கு மகவாக அடிகளார் பிறந்தார். மயில்வாகனன் என்பது அவருக்கு வழங்கிய பிள்ளைத் திருநாமம். ஒரு பக்கம் வாவியும் வயலும், மறுபக்கம் கடலும், நடுவே கோயிலும் குரவை ஒலியுமாக விளங்கிய ஊரிலே அவரது இளமை கழிந்தது. கண்ணகி வழக்குரையும் குளிர்த்திப் பாடலும் ஆண்டுதோறும் ஒலிக்கும் மண்ணிலே பிறந்த பிள்ளை, பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தின் இசைப்பகுதியை ஆராயப் புகுந்தமை தற்செயலன்று.

ஊரிலே தொடக்கக் கல்வி பெற்று, கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி கற்று, 1908ஆம் ஆண்டிலே தமது பதினாறாவது வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். பின்னர் கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். தொழினுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்று டிப்ளோமாப் பட்டமும் பெற்றார். விஞ்ஞானம் கற்ற அதே காலத்தில் தமிழையும் கைவிடாது பயின்று, 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் சித்தியெய்தினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதலாகத் தேறியவர் அவரே என்பர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகக் கடமையாற்றிய காலத்திலே படித்து, 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. பட்டதாரியானார். அதே ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியும் அவரை வந்தடைந்தது.

அக்காலத்தில் பி.எஸ்ஸி. பட்டமும் அதிபர் பதவியும் எத்துணைப் பெரியவை என்பதை இன்றைய பிள்ளைகள் உணர்வது அரிது. அரசாங்க உத்தியோகமும், பெரிய இடத்துச் சம்பந்தமும், காணியும் வீடுமாக வாழ்வை அமைத்துக்கொள்ள எல்லா வாசல்களும் அவருக்குத் திறந்திருந்தன. அவர் தேர்ந்தது வேறு வழி.

துறவும் அதன் பொருளும்

1922ஆம் ஆண்டில் சென்னை மயிலாப்பூர் ஸ்ரீ இராமகிருஷ்ண மடத்திலே சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயர் பெற்று, இராமகிருஷ்ண விஜயம் என்ற தமிழ்ச் சஞ்சிகைக்கும் வேதாந்த கேசரி என்ற ஆங்கிலச் சஞ்சிகைக்கும் ஆசிரியப் பணி புரிந்தார். 1924ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று, ஸ்ரீ இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடர்களில் ஒருவராகிய சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தர் ஆனார்.

அவர் சேர்ந்த சபையின் கொள்கை ஈண்டு கவனிக்கத்தக்கது. தன் ஆன்ம விடுதலையையும் உலகத்தின் நலனையும் ஒருங்கே நாடுவதே இராமகிருஷ்ண சங்கத்தின் இலட்சியம். உலகுக்காக உள்ளத்தை வறட்டிக்கொள் என்றோ, உள்ளத்துக்காக உலகை மறந்துவிடு என்றோ அச்சங்கம் போதிக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் கூறுவது அதன் சிறப்பு.

இன்னுமொன்றும் உண்டு. சந்நியாசம் பெற்ற அதே 1924ஆம் ஆண்டில் அடிகளார் மதுரைத் தமிழ்ச் சங்க விழாவிலே நாடகத் தமிழ் பற்றிச் சொற்பொழிவாற்றினார். செகசிற்பியார் என்று தாம் பெயரிட்ட ஷேக்ஸ்பியரின் நாடகங்களை அச்சபையினர்க்கு எடுத்துரைத்தார். அச்சொற்பொழிவின் விரிவே 1926ஆம் ஆண்டில் வெளிவந்த மதங்கசூளாமணி என்னும் நூல். காவியுடுத்த புதுத் துறவியொருவர் கூத்தும் நாடகமும் பற்றிப் பேசுவதா என்று அவர் தயங்கவில்லை. நல்ல கலையைச் சுவைப்பது தவத்துக்கு இடையூறு என அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

கல்வித் தொண்டு

1925ஆம் ஆண்டில் இலங்கைக்குத் திரும்பிய அடிகளார் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் என மூன்று திசைகளிலும் பணி பரந்திருந்தது. திருகோணமலை இந்துக் கல்லூரியின் நிர்வாகத்தையும் அவர் மேற்கொண்டார். 1929ஆம் ஆண்டில் கல்லடி உப்போடையிலே தமது குருநாதரின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். சாதி பாராது, பொருள் பாராது, ஏழைப் பிள்ளைகளுக்கும் தாய் தந்தையற்ற பிள்ளைகளுக்கும் உணவும் உறைவிடமும் கல்வியும் கிடைக்க மிஷன் மாணவர் இல்லங்கள் வழிசெய்தன. எமது முன்னோரில் எத்தனையோ பேர் அந்த விளக்கிலிருந்து ஏற்றிய தீபங்களாவர்.

பாடசாலை நடத்துவது என்பது வெறும் பாடஞ் சொல்லுதல் அன்று. அரசாங்க நன்கொடைக்கு எழுத வேண்டும், வித்தியா பகுதியின் பரிசோதகருக்குப் பதில் கூற வேண்டும், ஆசிரியர் சம்பளம், மாணவர் உணவு, கூரை, கிணறு, மேசை வாங்கு யாவற்றுக்கும் கணக்கு வைக்க வேண்டும். கந்தோர் கோவைகளுடன் வாழ்ந்து பென்சன் பெற்ற என் போன்றோருக்கு இவ்வேலையின் பாரம் நன்கு விளங்கும். ஒரு மனிதனின் உள்ளத்தை உலர்த்திவிடப் போதுமானது அது. பல ஊர்ப் பாடசாலைகளின் பொறுப்பைச் சுமந்த அடிகளாரின் உள்ளம் உலரவில்லை. ஏன் என்பதே நாம் ஆராய வேண்டிய விடயம்.

அன்றாடத்திலே கண்ட இனிமை

முதலாவது, அவர் தம் கண்முன் இருந்த உலகைக் கண் திறந்து பார்த்தார். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றி நாமெல்லாம் அறிவோம். நிலாக் காலத்திலே தோணியில் சென்று நீரினுள் இருந்து எழும் அந்த ஒலியைக் கேட்போர் கேட்டு வியந்து திரும்பிவிடுவர். அடிகளார் அதனைக் கேட்டு, நீரரமகளிரின் இன்னிசையாகக் கற்பனை செய்து பாடினார். அப்பாடலைத் தமது பேராராய்ச்சி நூலாகிய யாழ்நூலிலும் சேர்த்துவைத்தார். கல்லடியிலே பாடசாலை நடத்தியவருக்கு வாவி நாளும் கடந்து செல்லும் வழிதான். வழியிலே உள்ளதை அனுபவிக்கத் தனியாகக் காசோ லீவோ தேவைப்படவில்லை.

இரண்டாவது, அவர் நட்பைப் போற்றினார். நண்பரொருவர் மறைந்த துயரிலே அவர் பாடிய கங்கையில் விடுத்த ஓலை என்னும் செய்யுள், துறவியின் நெஞ்சமும் அன்பினால் நெகிழும் என்பதற்குச் சான்று. எல்லோரையும் நேசிக்கின்றேன் என்று சொல்லிக்கொண்டு அருகில் இருக்கும் ஒருவரையும் நேசியாதிருப்பது பொதுப்பணியாளருக்கு வரும் நோய். அந்நோய் அவரை அணுகவில்லை.

மூன்றாவது, தாம் சுவைத்ததைப் பிறருக்கும் ஊட்டினார். 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் சென்ற போது, பாரதியாரைப் பெரும் புலவராக ஏற்கத் தயங்கிய பண்டிதர்கள் பலர் இருந்தனர். அடிகளாரோ பாரதி பாடல்களிலே உள்ளம் பறிகொடுத்தவர். பல்கலைக்கழகத்திலே பாரதி கழகம் ஏற்படுத்தி மாணவரையும் அவ்வின்பத்தில் பங்குகொள்ளச் செய்தார். அதே காலத்தில் பல்கலைக்கழகத்தை அண்டிய திருவேட்களத்திலே ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். பகலிலே பல்கலைக்கழகப் பேராசிரியர், ஓய்வு நேரத்திலே சேரிப் பிள்ளைகளின் வாத்தியார். இரண்டையும் அவர் ஒரே மனத்தோடு செய்தார்.

இரு பக்கத்து இழுப்பு

அடிகளாரின் வாழ்விலே தொண்டும் சுவையும் எப்பொழுதும் சண்டையின்றிக் கைகோத்துச் சென்றன என்று நாம் எண்ணிவிடலாகாது. சிதம்பரத்திலே அவருக்கு வாய்த்தது எந்த அறிஞனும் விரும்பும் வாழ்வு. நூல் நிலையமும் நல்ல மாணவரும் தில்லைக் கூத்தனின் சந்நிதியும் அங்கு அருகருகே இருந்தன. ஆயினும் 1933ஆம் ஆண்டில் அப்பதவியை விட்டு நீங்கினார். ஈழத்திலே மிஷன் பாடசாலைகள் அவரை வேண்டி நின்றன. விரும்பியதை விட்டு வேண்டியதற்குத் திரும்பிய சந்தர்ப்பம் அது.

மறுபுறம், 1939ஆம் ஆண்டிலே பாடசாலைப் பணிகளிலிருந்து விலகி இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்துக்குச் சென்று பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியராகப் பணியாற்றினார். தாம் வளர்த்த பாடசாலைகள் தாம் இன்றி நடவா என்று அவர் அங்கேயே பற்றிக்கொண்டு நிற்கவில்லை. ஏனையோர் கையிலே பொறுப்பை ஒப்படைத்து விலகவும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் இல்லாவிட்டால் கோயில் என்னாவது, சங்கம் என்னாவது என்று எண்ணித் தவிக்கும் எம்மவர்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். திரும்பி வந்த பின் 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அவர் நியமனம் பெற்றார்.

யாழ்நூல்

பாடசாலை, பல்கலைக்கழகம், சஞ்சிகை, கலைச்சொல்லாக்கம் என்று பணிகள் மாறி மாறி வந்த காலம் முழுவதும், ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள், அவரோடு கூடவே வந்த இன்பம் ஒன்று உண்டு. அதுவே யாழ் ஆராய்ச்சி.

யாழ் என்னும் இசைக்கருவி பழந்தமிழரிடம் பெருவழக்காயிருந்து பின் மறைந்தொழிந்தது. எமது வடபுலத்து நகர் ஒன்று அப்பெயரால் வழங்கினும் கருவியைக் கண்டார் எவருமிலர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலும் அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையிலும் சொற்களாக மட்டும் அது எஞ்சியிருந்தது. வீணையிலே மெட்டுகள் உண்டு, ஒரு தந்தியிலேயே பல சுரங்களை எழுப்பலாம். யாழிலோ மெட்டு இல்லை, ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்துக்கே உரியது. ஆகவே நரம்புகளின் நீளத்தையும் முறையையும் அறிந்தாலன்றி யாழை மீண்டும் செய்ய இயலாது.

இங்குதான் இளமையிலே கற்ற விஞ்ஞானம் கைகொடுத்தது. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஒரு தானம் மேலேறும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளி, அதாவது பஞ்சமம் பிறக்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் உழை, அதாவது மத்திமம் பிறக்கும். இத்தகைய கணக்குகளைக் கொண்டு குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசையின் அளவுகளையும் பண்களின் முறையையும் அடிகளார் கணித்தறிந்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் முதலிய யாழ் வகைகளின் அமைப்பை ஆராய்ந்து விளக்கினார். எமது ஆலயங்களிலே நாம் ஓதும் தேவாரப் பண்களும் அவ்வாராய்ச்சியில் இடம்பெற்றன.

இவ்வாராய்ச்சி அவருக்குச் சம்பளமும் தரவில்லை, பதவியும் தரவில்லை. பாடசாலைக் கணக்கு முடிந்த பின் யாழின் கணக்கைப் பார்ப்பது அவருக்கு இளைப்பாறுதலாயிற்று. அந்த இளைப்பாறுதலே தமிழினத்துக்கு நிலையான தொண்டாகவும் முடிந்தது.

1947ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, அன்றைய தஞ்சை மாவட்டத்தில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி ஓடம் செலுத்திய தலமாகிய திருக்கொள்ளம்பூதூரிலே, இறைவன் சந்நிதியில் யாழ்நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அவரது கணக்கின்படி செய்யப்பெற்ற யாழ்கள் ஊர்வலமாக எடுத்துவரப்பெற்று, அறிஞர் நிறைந்த அவையிலே மீட்டப்பெற்றன. பன்னூறாண்டுகளாக ஒலியாதிருந்த நரம்பு மீண்டும் ஒலித்தது. உடல் நலிவுற்றிருந்த அடிகளார் அவ்வின்பத்தைக் கண்ணாரக் கண்டு, காதாரக் கேட்டுத் தாயகம் மீண்டார். ஆறு வாரங்கள் கழிந்தன. 1947ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆந் திகதி கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து மட்டுமே. அவர் கட்டியெழுப்பிய கல்லடி சிவானந்த வித்தியாலய வளவிலே அவரது பூதவுடல் சமாதி வைக்கப்பெற்றது. இறைவன் விரும்பும் மலர் எது என்று அவர் பாடிய பாடல் அச்சமாதியிலே பொறிக்கப்பட்டுள்ளது. இன்று கல்லடியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் அவர் பெயர் தாங்கி, இசையும் நடனமும் நாடகமும் பயிற்றி வருகின்றது.

நாம் கொள்ளத்தக்கவை

அடிகளாரைப் போலப் பல்கலை வல்லுநராவது நம்மால் இயலாது. துறவு பூணுவதும் எல்லோர்க்கும் உரியதன்று. மனைவி, மக்கள், வயல், கடை, உத்தியோகம் என்று நமக்கு வேறு கடமைகள் உள. ஆயினும் சில காரியங்கள் நம்மால் இயலும்.

எமது வருடாந்தத் திருவிழாக் காலத்திலே நான் காணும் காட்சி ஒன்று உண்டு. பத்து நாளும் ஓடித் திரியும் அன்பர்கள் சிலர் ஒரு நாளாவது சுவாமி வீதியுலா வரும்போது நின்று கும்பிட்டதில்லை. மேளக் கச்சேரி நடக்கும் போது அவர்கள் மடைப்பள்ளியில் கணக்குப் பார்ப்பர். அன்னதானத்திலே ஆயிரம் பேருக்குப் பரிமாறிவிட்டுத் தாம் பட்டினியோடு வீடு செல்வர். வீட்டிலே பிள்ளைகள் தகப்பனோடு திருவிழாப் பார்க்கக் காத்திருந்து உறங்கிப்போவர். கடைசி நாளிலே சிறு சொல்லொன்று பெரும் பிணக்காகிவிடும். அவர்களது பக்தியிலோ உழைப்பிலோ குறையில்லை. உழைப்போடு சேர்ந்து வர வேண்டிய இனிமை வரவில்லை என்பதே குறை.

ஆகவே, உபயகாரரும் சபையினரும் இளைஞர் மன்றத்தினரும் கடமைகளை முறை வைத்துப் பகிர்ந்து செய்தல் நன்று. ஒவ்வொருவருக்கும் ஒரு திருவிழாவாவது குடும்பத்துடன் கும்பிடக் கிடைக்க வேண்டும். பரிமாறினவர் பந்தியிலும் அமர வேண்டும். பழைய கைகள் இளைய கைகளிடம் சாவியை ஒப்படைக்கவும் பழக வேண்டும். பாட்டோ, பண்ணோ, தோட்டமோ, புத்தகமோ, பேரப்பிள்ளையோடு கடற்கரை செல்வதோ, தமக்கென்று ஒரு இனிமையை ஒவ்வொருவரும் காத்துக்கொள்ள வேண்டும். அது தொண்டுக்குச் செய்யும் துரோகமாகாது, விளக்குக்கு வார்க்கும் நெய்யாகும். அதேவேளை, சுகத்தைக் காரணங்காட்டி அழைத்த தொண்டைத் தட்டிக்கழிப்பதற்கும் அடிகளாரின் வாழ்விலே இடமில்லை. சிதம்பரத்தை விட்டு ஈழத்துக்குத் திரும்பிய அவரது முடிவு அதற்குச் சான்று பகரும்.

நம் பெருமான் உயிர்களின் பொருட்டுப் படைத்தல் முதலாய ஐந்தொழில் இயற்றுகின்றான் என்பது சைவர் கொள்கை. அப்பெருந்தொழிலையும் அவன் ஆனந்தக் கூத்தாகவே இயற்றுகின்றான். அவன் அடியார்களாகிய நாமும் முகம் மலர்ந்து தொண்டு செய்து, அத்தொண்டினால் நம் வீடும் ஊரும் மகிழ வாழ எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பானாக.

சுபம்.